ஒரு மில்லிமீட்டர் பட்டை

பால் மரம் எனப்படும் ரப்பர் மரத்தின் பட்டையில் வெளியே இருப்பது காய்ந்த, சொரசொரப்பான தோல். அதற்குள் கடினமான ஓர் அடுக்கு. அதற்கும் உள்ளே மெத்தென்ற அடுக்கு. பால் ஓடும் நுண்குழாய்கள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. அதையும் தாண்டினால், கண்ணுக்குப் பிடிபடாத மெல்லிய வளர்திசு. புதுப் பட்டையும் புது மரமும் பிறப்பது அதிலிருந்துதான். கத்தி உள்ளே போகப் போகப் பால் கூடும். ஆனால் வளர்திசுவைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி, முண்டும் முடிச்சுமாக ஆறும். ஆகவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைத்துக் கத்தியை நிறுத்த வேண்டும். விடியுமுன், நெற்றி விளக்கின் சிறு வெளிச்சத்தில், அளவுகோல் இல்லாமல், மரம் மரமாக. ஒருவர் பொறுப்பில் ஏறத்தாழ 500 மரம்.

இந்த ஒரு மில்லிமீட்டர்தான் கொஞ்ச காலமாக என் மனத்தில் இருக்கிறது. குளுவாங், ரெங்கம், லாபிஸ், கூலாய் என்று மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுவதும் தோட்டங்களில் அதைக் கையில் வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பலருக்குத் தம் பெயரை எழுதத் தெரியாது. சம்பள நாளில் கட்டை விரலை மையில் தொட்டு வைத்தார்கள். படிக்காதவர்கள் என்றே உலகம் அவர்களை எழுதிவைத்தது.

*

என் அம்மா பால் எடுக்க மரம் வெட்டியவர். எப்படித் தெரியும், எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்று கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பார். அதற்கு மேல் விளக்கம் வராது. மறைப்பதற்காக அல்ல, அதைச் சொல்லாக மாற்ற வேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வரவில்லை. பக்கத்து மரத்தில் வெட்டும் புதுப் பெண்ணுக்குக்கூட அவர் வாயால் சொல்லித் தந்ததில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிடுவார். அவ்வளவுதான் பாடம்.

*

மரம் எதையும் மறப்பதில்லை.

வெட்டத் தொடங்கும் பக்கத்தில் நாள்தோறும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிய சீவல் ஒன்று எடுக்கப்படுகிறது. கோடு கீழே இறங்கிக்கொண்டே வரும். ஒரு பக்கத்தைச் சீவி முடிக்க ஐந்தாண்டு போல ஆகும். பிறகு மறுபக்கம். அதுவும் முடியும்போது முதல் பக்கத்தில் புதுப் பட்டை தடித்திருக்கும். அங்கே மறுபடி தொடங்கலாம். ஆக, இன்று ஒருவர் அவசரத்தில் ஆழமாக இழுத்த இடத்துக்குப் பத்தாண்டு கழித்துக் கத்தி திரும்பி வரும். வருபவர் வேறொருவராக இருக்கலாம். முண்டின்மேல் கத்தி ஏறாது, பால் கோட்டை விட்டு வழியும், அந்த ஆளுக்கு அன்றைய எடை குறையும். முன்பு வெட்டியவரின் பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய கை எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

புதிதாகக் கற்பவர்களை மறுநடவுக்காக வீழ்த்தப்போகும் கிழட்டு மரங்களில் விடுவது இதனால்தான். அங்கே காயம் பட்டாலும் நட்டமில்லை. ஆனால் காயம் பட்டது தெரியும். கற்றலுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று நினைக்கிறேன்: பிழைக்கு இடம் இருக்க வேண்டும், பிழை கண்முன் நிற்கவும் வேண்டும். வகுப்பறைகளில் பெரும்பாலும் இதில் ஒன்றுதான் கிடைக்கிறது. சிவப்பு மையில் வட்டம் போட்ட பிழை அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் காணாமல் போகிறது.

*

இந்தக் கையறிவுக்கும் ஒரு தொடக்கம் உண்டு. அமேசான் காடுகளில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, கொத்துவதை விட்டுவிட்டு, அதே கோட்டில் மீண்டும் மீண்டும் மெல்லிதாகச் சீவிப் பார்த்தார். மரம் சாகவில்லை. பட்டை திரும்ப வளர்ந்தது. மேலும், அடுத்தடுத்துச் சீவும்போது பால் குறையாமல் கூடியது. ஒருநாள் வெட்டி ஒருநாள் பார்த்து எட்டும் முடிவு இல்லை இது. அதே மரத்தடிக்குத் திரும்பத் திரும்பப் போனவருக்குத்தான் அது தெரியவந்திருக்கும். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்ததால் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார். நூறு வயது வரை வாழ்ந்தார்.

அந்தப் பூங்காவுக்கும் ஜொகூருக்கும் நடுவே ஒரு நீரிணைதான். 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவரை வந்து சேர்ந்ததும் காடுகள் வேகமாகப் பால் மரக் காடுகளாயின. அந்த வரிசைகளுக்குள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இறங்கினார்கள். நெல்லும் கம்பும் கேழ்வரகும் தெரிந்த கைகள் முன்பின் பார்த்திராத ஒரு மரத்தின் பட்டையைப் படிக்கத் தொடங்கின.

ரிட்லியின் பெயர் நூல்களில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். இந்தக் கைகளுக்கும் ஏதாவது ஓர் இடம் வேண்டும்.

*

தோட்டத்துப் பிள்ளைகளிடம் யாரும் கத்தியைத் தரமாட்டார்கள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போனால் முதலில் கிடைக்கும் வேலை, பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைப்பது. பிறகு, முந்தின வெட்டின் கோட்டில் காய்ந்து நாடாபோல ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பது. மங்கின் அடியில் உறைந்த கட்டிப்பாலைச் சாக்கில் சேர்ப்பது. கொஞ்சம் வளர்ந்தால் வாளியில் பால் ஊற்றுவது. தோள் பலத்ததும் காண்டாவில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டுத் தளும்பாமல் நடப்பது. கத்தி எல்லாவற்றுக்கும் கடைசி.

இது கஞ்சத்தனமோ காவலோ என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். மானிடவியலாளர் ஜீன் லேவ் எழுபதுகளில் லைபீரியாவின் தையற்காரர்களிடையே செய்த ஆய்வைப் படித்தபோது அதற்கு வேறொரு அர்த்தம் கிடைத்தது. அங்கே கற்க வரும் பையன் முதலில் பொத்தான் தைக்கிறான், ஓரம் மடித்து அடிக்கிறான். பிறகுதான் துண்டுகளை இணைத்துத் தைப்பது. துணியை வெட்டுவது கடைசி. உடை உருவாகும் வரிசைக்கு நேர் எதிரான வரிசை. முடிந்த உடையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதால், எது எதோடு சேரும் என்பது அவனுக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. துணியில் கத்தரி வைக்கும் நாளில் அவன் கண் முழுச் சட்டையையும் பார்க்கிறது. ஓரத்தில் பிழை வந்தால் பிரித்துவிடலாம். வெட்டில் பிழை வந்தால் துணி போயிற்று. லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய நூல் இந்த ஓரத்திலிருந்து உள்ளே வரும் கற்றலைப் பற்றியது.

மங்கு துடைத்த பிள்ளைக்கும் அதுவே நடந்தது. எந்த மரம் நிறையப் பால் தரும், எது பொய் மரம், மழை பெய்த மறுநாள் பட்டை ஈரத்தில் பால் எப்படித் தடம் மாறி வழியும், எந்த மங்கில் பால் சீக்கிரம் உறையும்: கத்தியைத் தொடுமுன்னே இத்தனையும் கண்ணில் ஏறிவிடும்.

*

பால் கொட்டகையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது ஓர் ஆய்வுக்கூடம். நாங்கள் அப்படி அழைத்ததில்லை.

மங்கிலேயே பால் உறையாமலிருக்க ஒன்றிரண்டு துளி அம்மோனியா. அதன் நெடியில் கண் எரியும். கொட்டகையில் வடிகட்டித் தண்ணீர் கலந்து, தொட்டியில் ஊற்றி, பார்மிக் ஆசிட் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் முழுப் பாலும் வெள்ளைக் கட்டியாகித் தெளிந்த நீரைப் பிரித்துவிடும். ஒன்று உறையவிடாமல் தடுக்கிறது, மற்றொன்று உறையச் செய்கிறது. காரம், அமிலம் என்ற சொற்களைப் பள்ளியில் கேட்பதற்கு முன்பே அவை என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

எடையில் இன்னொரு பாடம். வாளி நிறையப் பால் இருந்தாலும் அதில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு போலத்தான், மீதி தண்ணீர். ஆகவே கணக்கெழுதும் கிராணி பாலில் ஒரு கண்ணாடி மிதவையை விட்டுப் பார்ப்பார். மெட்ரோலாக் என்பது அதன் பெயர். பால் கெட்டியாக இருந்தால் ஓர் அளவு, இளகலாக இருந்தால் வேறோர் அளவு. அதை வைத்துக் காய்ந்த ரப்பரின் எடை கணக்கிடப்பட்டு அம்மாவின் பெயருக்கு நேரே எழுதப்படும். விழுக்காடு என்ற கணக்கை நான் கரும்பலகையில் கற்கவில்லை. வாளி நிறையச் சுமந்தும் ஏட்டில் ஏன் சின்ன எண் விழுகிறது என்று வெகுண்டு கேட்ட பெண்களின் குரலில் கற்றேன். கணக்குத் தெரியாதவர்கள் அவர்கள். ஆனால் கிராணியின் மனக்கணக்கு ஓரிடத்தில் தடுக்கினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

*

படிவம் நான்கில் உயிரியல் ஆசிரியர் இலைகள் நீராவி விடுவதைப் பற்றிப் பாடம் நடத்தினார். இரவில் நீர் வெளியேறுவது குறைவு. விடியற்காலையில் உயிரணுக்களில் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளரும் என்றார்.

பக்கத்துப் பையன் அதை மனப்பாடம் செய்தான். எனக்கு அது ஒரு விடையாக வந்தது. இருட்டோடு பெரட்டுக்களத்தில் ஏன் பெயர் கூப்பிட்டார்கள், வெயில் ஏறுவதற்குள் ஏன் அத்தனை ஓட்டம், தாமதமாக வெட்டிய மரம் ஏன் கொஞ்சமாக வடித்தது, இவை அனைத்தும் அந்த ஒரு பத்தியில் வந்து உட்கார்ந்தன. கோடு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிறது என்பதும் பிறகு தெரிந்தது: பால்குழாய்கள் மரத்தைச் சுற்றிச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன, அந்தச் சாய்வுக்குக் குறுக்காக வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் திறக்கும்.

புத்தகம் வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அம்மாவின் கை அறிந்ததைப் புத்தகம்தான் எனக்கு விளக்கியது. ஆனால் அந்தக் கேள்வி முன்கூட்டியே என்னிடம் இல்லாதிருந்தால் அந்தப் பத்தி தேர்வு நாளோடு உதிர்ந்திருக்கும். எது முதலில், எது பிறகு என்பதில்தான் என் கவலை.

*

இந்தக் குறிப்புகளை வாசிக்கும் தமிழருக்கு ஒரு சங்கடம் எழும், எழ வேண்டும். பெற்றோரின் தொழிலிலிருந்து பிள்ளை கற்பது என்றவுடன் 1953 நினைவுக்கு வருகிறது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. நல்ல வேளை என்றுதான் சொல்வேன். செருப்புத் தைப்பவர் மகனுக்குத் தோலும், வழக்கறிஞர் மகனுக்குச் சட்டப் புத்தகமும் காத்திருக்கும் ஊரில், கைவழிக் கல்வி என்ற அழகான பெயர் ஒரு வேலியாக மாறிவிடும்.

மலாயாவிலும் வேலி இருந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டரசில் இல்லை. ஆனாலும் இங்கும் தோட்டந்தோறும் பள்ளிகள் எழுந்தன. அவற்றில் பல, தொழிலாளர் குடியிருப்பான லயத்தை ஒட்டிய ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், நான்கைந்து ஆண்டுப் பாடம். அதைத் தாண்டிப் போக வழியில்லாத பிள்ளை மறுபடி மரத்தடிக்கே வந்து சேர்ந்தது. கையறிவு பெருமைக்குரியதுதான். பசியால் வாங்கப்பட்டது என்பதும் உண்மை.

அதனால்தான் அம்மா கடைசிவரை என் கையில் கத்தியைத் தரவில்லை. சுற்றியிருந்த எல்லாவற்றையும் தொட விட்டார். அதை மட்டும் விடவில்லை. அவர் போட்ட எல்லை சரியானது. அந்த எல்லைக்குள் எனக்குக் கிடைத்தது இன்று பணம் கட்டிப் படிக்கும் எந்தப் பள்ளியிலும் கிடைக்காதது. இரண்டையும் ஒன்றாக நெஞ்சில் வைத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

காந்தி 1937 அக்டோபரில் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி குலக்கல்வியிலிருந்து ஓர் இடத்தில் விலகுகிறது. அங்கே நூற்பு எல்லாப் பிள்ளைக்கும். எந்தச் சாதிக்கும் உரிய தொழிலாக அல்ல, கணக்கும் வரலாறும் புவியியலும் நுழையும் வாசலாக. பருத்தி எங்கே விளைகிறது, எத்தனை முழம் நூல், யார் விலை வைத்தார்கள் என்று நூற்கும் தக்ளியிலிருந்து உலகுக்குப் போகலாம். நடைமுறையில் அது தளர்ந்துபோனதற்குப் பல காரணங்கள். ஆனால் ‘எல்லாப் பிள்ளைக்கும்’ என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

*

இப்படி ஒரு கற்றலுக்கு ஜொகூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதன் தென்மேற்கு மூலையில், கேலாங் பாத்தாவைத் தாண்டி, தஞ்சோங் கூப்பாங் என்ற முக்கிம். நீர் வற்றும்போது கடலுக்கு நடுவே மெராம்போங் என்ற கடற்புல் மேடு வெளியே வரும். கடற்குதிரை, நட்சத்திர மீன், கோங்கோங் கடல்நத்தை எல்லாம் அங்கே உண்டு. ஆவுளியா எனும் கடற்பசுவுக்கு அது மேய்ச்சல் நிலம். கரையில் மலாய் மீனவர்களும் பழங்குடிகளான ஓராங் செலேத்தார் மக்களும்.

2008இல் செரினா ரஹ்மான் என்ற ஆய்வாளர் இந்த மீனவர்களோடு சேர்ந்து கெலாப் அலாமி என்ற அமைப்பைத் தொடங்கினார். மீனவப் பிள்ளைகள் காலகாலமாகச் சிப்பி பொறுக்கிய அதே மேட்டில் இப்போது கயிறு கட்டி, சதுரச் சட்டம் வைத்து, எந்தப் புல் எவ்வளவு பரப்பில் என்று பதிவு செய்தார்கள். பள்ளியில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வெளியூர் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிகளானார்கள். நீர் எப்போது ஏறும், எந்தச் சேற்றில் கால் புதையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

2014இல் ஃபாரஸ்ட் சிட்டி நகரத்துக்காகக் கடலை நிரப்பும் பணி இந்தப் புல்வெளியின் மேலேயே ஏறியது. அங்கே என்ன இருந்தது என்று பேச ஆள் தேவைப்பட்டபோது, அந்தக் கிராமத்தில் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மீனவரின் கையறிவு பதிவேட்டுக்கு வந்திருந்தது. பால் மரக் காடுகள் செம்பனையாகவும் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளாகவும் மாறியபோது நம்மிடம் அப்படி ஒரு பதிவேடு இருக்கவில்லை. அந்த இழப்பை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

*

இப்போதைய பள்ளிகளில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2011இல் தொடக்கப்பள்ளிக்குப் புதிய கலைத்திட்டம் வந்தது. ஆறாம் ஆண்டு இறுதியில் பிள்ளைகளை நடுங்கவைத்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு அந்த இடத்துக்கு வந்தது. நான்காம் ஆண்டிலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அஸ்தி (ASTI) என்ற அமைப்பு அறிவியல் விழா நடத்துகிறது; பிள்ளைகள் தாங்களே கேள்வி எழுப்பி, ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்து, சோதித்துக் காட்டுகிறார்கள். நல்ல காரியம்.

எனக்கு உறுத்துவது பெட்டியில் வரும் செய்முறைகள். துண்டுகள் முன்கூட்டியே வெட்டப்பட்டிருக்கும். படத்தில் உள்ளபடி பொருத்தினால் படத்தில் உள்ளது வரும். கை அசைகிறது, ஆனால் கைக்கு எதிரே எதுவும் நின்று மறுக்கவில்லை. ஆயர் ஹீத்தாமில் பானைக் கடைகளுக்குச் சுற்றுலா போகும் பிள்ளை திகிரியில் செய்த கிண்ணம் கோணிக்கொண்டு சரியும்போது அடையும் திகைப்பு இதைவிட மேலானது. மண் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் போடவில்லை. விரல் எவ்வளவு அழுத்தியது என்பதை மட்டும் காட்டியது.

*

ஜொகூரில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இன்னமும், தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ என்ற சொல் இருக்கிறது. தோட்டம் போய்விட்டது, சுற்றிலும் தாமான் வீடுகள். அந்த வீடுகளிலும் மாசாய், ஸ்கூடாய் அடுக்குமாடிகளிலும், எழுபதுகளில் மரம் வெட்டிய பெண்கள் பாட்டிகளாக இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவந்து வாசலில் விட்டுத் திரும்புகிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறோம்.

உள்ளே அழைக்கலாம். பால் வற்றி வீழ்த்தப்பட்ட மரங்கள் இப்போது மேசையும் நாற்காலியுமாகின்றன. மூவார் பட்டறைகள் அந்த மரத்தால்தான் நாட்டின் தளவாட ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கின்றன. பட்டை உரிக்காத ஒரு கட்டையைக் கேட்டு வாங்கி வகுப்பின் மூலையில் நிறுத்தி வைக்கலாம். பால் வராது, பட்டை இருக்கும், அடுக்குகள் இருக்கும், ஆழம் இருக்கும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள், ஆண் பெண் எல்லோரும், எந்த வீட்டிலிருந்து வந்தவர்களானாலும், சுற்றி நிற்கட்டும். பாட்டி சீவிக் காட்டட்டும். சீவிய இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, மிச்சமிருக்கும் பட்டையை அளந்து, குறித்து வைக்கட்டும். பாட்டி எங்கே நிறுத்தினார், மணிக்கட்டு எப்படித் திரும்பியது என்று பக்கத்திலேயே படம் வரையட்டும். ஆசிரியர் அன்று நீரழுத்தத்தைச் சொல்லலாம். குலக்கல்வி எதிர்க்கப்பட்ட கதையையும் தோட்டத்துச் சம்பளக் கணக்கையும் சொல்லலாம்.

முதல் வகுப்பில் வெட்டுவதற்கே நேரம் இருக்காது. அம்மா எப்போதும் கத்தி தீட்டுவதில்தான் தொடங்குவார். கல்லை நனைத்து, முனையின் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி, கட்டை விரல் நகத்தில் வைத்துப் பார்த்து, மறுபடியும் கல்லுக்குப் போவார். அதற்கே ஒரு காலை வேண்டும்.